நியூசிலாந்து ஒப்பந்தத்தை ஓரிரவில் மொழிபெயர்த்த பாதிரியார்

நியூசிலாந்தின் மிகப் பெரிய நகரமான ஆக்லாந்தில், வைத்தமாத்தா துறைமுகத்தைப் பார்த்தபடி உயர்ந்து நிற்கிறது பாஸ்டியன் முனை என்னும் குன்று. 1977ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி, மாவோரி மக்கள் அந்தக் குன்றின் மீது கூடாரங்கள் அமைத்துக் குடியேறினார்கள். தமது முன்னோருக்குச் சொந்தமான நிலத்தை அரசு வசதி படைத்தவர்களின் குடியிருப்புக்காகக் கூறுபோட்டு விற்கப் போகிறது என்பது அவர்களுடைய முறைப்பாடு. 506 நாட்கள் அவர்கள் அங்கிருந்து அசையவில்லை. 1978ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி பொலிஸாரும் இராணுவத்தினரும் குன்றைச் சூழ்ந்துகொள்ள, 222 பேர் கைது செய்யப்பட்டார்கள்.

இந்த நிலத் தகராறைப் பின்னோக்கித் தொடர்ந்து செல்பவர், 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி மாலையில் போய் நிற்பார். இடம், ஆக்லாந்துக்கு வடக்கே தீவுகள் விரிகுடாவின் கரையிலுள்ள பைஹியா என்ற சிற்றூர். அங்கு ஒரு பாதிரியாரின் கையில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒப்பந்த வரைவு ஒன்று கொடுக்கப்பட்டது. மறுநாள் காலைக்குள் அது மாவோரி மொழியில் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டது.

அந்தப் பாதிரியாரின் பெயர் ஹென்ரி வில்லியம்ஸ். அன்றிரவு அவரைச் சோதித்த ஆங்கிலச் சொல் 'சொவ்ரின்ட்டி'. இலங்கைத் தமிழர்கள் இறைமை என்றும், தமிழ்நாட்டில் இறையாண்மை என்றும் எழுதுகின்ற அதே சொல். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த மாவோரிச் சொல் சரியானதுதானா என்ற வழக்கு, அவர் இறந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் முடியவில்லை.

கடற்படையில் இருந்து திருச்சபைக்கு

ஹென்ரி வில்லியம்ஸ் 1792ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் தேதி இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள கொஸ்போர்ட் துறைமுக நகரில் பிறந்தார். பதினான்காவது வயதில், 1806இல், அரச கடற்படையில் சேர்ந்தார். நெப்போலியன் காலத்துப் போர்களில் அவர் பணியாற்றிய கப்பல்கள் வடகடலில் இருந்து மொரீஷியஸ் வரையிலும், சென்னை, கல்கத்தா வரையிலும் சென்றன. 1807இல் கோப்பன்ஹேகன் தாக்குதலையும், 1815 ஜனவரியில் அமெரிக்காவின் 'பிரெசிடென்ட்' என்ற போர்க்கப்பல் பிடிபட்ட சண்டையையும் அவர் நேரில் கண்டார்.

1815இல் போர் ஓய்ந்ததும், அரைச் சம்பளத்துடன் லெப்டினென்ட் என்ற நிலையில் கடற்படையை விட்டு விலகினார். 1818இல் மரியான் கோல்ட்ஹம் என்ற பெண்மணியை மணந்துகொண்டார். கடற்படை வாழ்க்கையில் அவருக்கு ஏற்பட்டிருந்த வெறுப்பு அவரை மதப்பணியின் பக்கம் திருப்பியது. சர்ச் மிஷன் சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. 1822இல் குருப்பட்டம் பெற்று, அதே ஆண்டு செப்டம்பரில், பெண் கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றிச் சென்ற கப்பல் ஒன்றில் குடும்பத்துடன் புறப்பட்டார். 1823 ஆகஸ்ட்டில் தீவுகள் விரிகுடாவில் இறங்கி, பைஹியாவில் குடியேறினார். அவருடைய மூத்த மகன் எட்வர்டுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிறையவில்லை.

வில்லியம்ஸுக்கு முன்பே மிஷனரிகள் அங்கு இருந்தார்கள். ஆனால் உணவுக்கும் பாதுகாப்புக்கும் மாவோரித் தலைவர்களைச் சார்ந்திருந்த அவர்களில் சிலர், துப்பாக்கி வியாபாரத்தில்கூடச் சிக்கியிருந்தார்கள். கடற்படை ஒழுங்கில் வளர்ந்த வில்லியம்ஸ் இதை நிறுத்தினார். சொந்தமாக ஒரு கப்பல் இருந்தால் எவரையும் அண்டி நிற்க வேண்டியதில்லை என்று கணக்கிட்டு, 'ஹெரல்ட்' என்ற பாய்மரக் கப்பலைப் பைஹியாவிலேயே கட்டி 1826 ஜனவரியில் கடலில் இறக்கினார். மிஷனரிகள் முதலில் மக்களின் மொழியைக் கற்க வேண்டும் என்பதும் அவர் வைத்த விதியாகும்.

மாவோரிகள் அவரை 'தே விரேமு' என்று அழைத்தார்கள். வில்லியம்ஸ் என்ற பெயர் அவர்கள் நாவில் அப்படி மாறியது. மூக்குக் கண்ணாடி அணிந்திருந்ததால் நாற்கண்ணர் என்று பொருள்படும் ஒரு பட்டப்பெயரும் அவருக்கு இருந்தது. குலங்களுக்கு இடையே சண்டை மூண்டபோதெல்லாம் ஆயுதமின்றி நடுவே சென்று சமாதானம் பேசியவர் என்ற பெயரை அவர் 1828இல் தொடங்கி ஈட்டிக்கொண்டார். பின்னாளில் அவருடைய சொல்லுக்குக் கிடைத்த மதிப்பு இங்கிருந்து வந்தது.

அச்சகமும் ஒரு தமிழ் மணியும்

1826இல் வந்து சேர்ந்த தம்பி வில்லியம் வில்லியம்ஸ், மொழியறிவில் அண்ணனை விஞ்சியவர். மாவோரி புதிய ஏற்பாட்டின் பெரும் பகுதி அவருடைய உழைப்பு. 1844இல் வெளிவந்த மாவோரி அகராதியும் அவருடையதே. ஹென்ரி சரளமாகப் பேசக்கூடியவர். ஆனால் தம்பியைப் போன்ற மொழியறிஞர் என்று அவரைச் சொல்ல முடியாது.

1834 டிசம்பரில் வில்லியம் கொலென்சோ என்ற இளம் அச்சாளர் பைஹியாவில் அச்சகம் அமைத்தார். 1837இல் அவர் அச்சிட்டு முடித்த மாவோரி புதிய ஏற்பாட்டின் 5,000 பிரதிகளை மக்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். எழுத்தறிவு ஊர் ஊராகப் பரவியது.

இந்தக் கொலென்சோவைத் தமிழ் வாசகர்கள் வேறொரு காரணத்துக்காக அறிந்திருக்கலாம். நியூசிலாந்தின் வட பகுதியில் மாவோரிகள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய உடைந்த வெண்கல மணி ஒன்றைக் கண்டெடுத்தவர் அவர்தான். ஒரு முஸ்லிம் கப்பல் உரிமையாளரின் பெயர் தமிழெழுத்தில் பொறிக்கப்பட்ட அந்தக் கப்பல் மணி எப்படி அங்கு வந்தது என்பது இன்றும் புதிராகவே இருக்கிறது.

மாவோரி மொழியைப் பற்றித் தமிழருக்குச் சுவையான இன்னொரு செய்தியும் உண்டு. ஆங்கிலேயர் நாவில் எளிதில் வராத 'ங' என்ற ஒலியை மாவோரிகள் சொல்லின் முதலிலேயே உச்சரிக்கிறார்கள். ஆக்லாந்து மண்ணின் குலமான ஙாத்தி ஃபாத்துவாவின் பெயரைத் தமிழில் எழுதப் புதிய எழுத்து எதுவும் தேவைப்படவில்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முந்திய மொழிபெயர்ப்பு

1840இல் வில்லியம்ஸ் செய்ததை விளங்கிக்கொள்ள, 1835இல் அவர் செய்ததை முதலில் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் பிரதிநிதியாக வைத்தாங்கியில் வசித்துவந்த ஜேம்ஸ் பஸ்பி, வேறு ஐரோப்பியர் எவரும் நாட்டைக் கைப்பற்றிவிடாதிருக்க, மாவோரித் தலைவர்களைக் கொண்டு சுதந்திரப் பிரகடனம் ஒன்றைச் செய்வித்தார். 1835 அக்டோபர் 28ஆம் தேதி 34 தலைவர்கள் அதில் ஒப்பமிட்டார்கள். பின்னர் அந்த எண்ணிக்கை 52 ஆனது. பஸ்பியின் ஆங்கில வாசகத்தை மாவோரியில் பெயர்த்தவர் ஹென்ரி வில்லியம்ஸ்.

அந்தப் பிரகடனத்தில், நாட்டின் மீதான இறைமை அதிகாரம் முழுவதும் தலைவர்களிடமே உண்டு என்ற கூற்றை மொழிபெயர்க்க அவர் இரண்டு சொற்களைச் சேர்த்துக் கையாண்டார். ஒன்று 'கிங்கிதங்கா'. ராஜாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் இருந்து உருவாக்கப்பட்ட இச்சொல்லுக்கு அரசத்தன்மை என்று பொருள் கூறலாம். மற்றது 'மானா'. இது மாவோரிகளின் பழஞ்சொல். ஒருவரின் ஆளுமை, அதிகாரம், கௌரவம், முன்னோரிடமிருந்தும் நிலத்திலிருந்தும் வந்து சேரும் வலிமை ஆகிய அனைத்தையும் தன்னுள் அடக்கியது. சுதந்திரம் என்பதற்கு 'ரங்கதிரதங்கா', அதாவது தலைமைத்தன்மை, என்று எழுதினார். நிர்வாகம் நடத்துதல் என்ற சிறிய பொருளுக்கு மட்டுமே 'காவனதங்கா' என்ற சொல்லை அங்கு பயன்படுத்தினார்.

ஆகவே, 1835இல் இறைமைக்கு உரிய சொற்கள் எவை என்பது வில்லியம்ஸுக்குத் தெரிந்திருந்தது. அவற்றைத் தம் கையாலேயே அவர் தாளில் வைத்திருந்தார்.

பிப்ரவரி 4, 1840

1840 ஜனவரி இறுதியில், மாவோரிகளின் சம்மதத்துடன் நாட்டைப் பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் கொண்டுவரும்படி பணிக்கப்பட்ட கேப்டன் வில்லியம் ஹொப்சன் வந்து சேர்ந்தார். ஒப்பந்த வரைவு அவருடைய செயலாளரும் பஸ்பியும் அவரும் சேர்ந்து சில நாட்களில் உருவாக்கியது. 4ஆம் தேதி மாலை நான்கு மணியளவில் அது வில்லியம்ஸின் கைக்கு வந்தது.

மொழியறிஞரான தம்பி அருகில் இல்லை. சில வாரங்களுக்கு முன்னர்தான் அவர் கிழக்குக் கரைக்குக் குடிபெயர்ந்திருந்தார். வில்லியம்ஸுக்குத் துணையாக இருந்தது, மாவோரிச் சிறுவர்களுடன் விளையாடி வளர்ந்து, அப்போது 21 வயதை எட்டியிருந்த மகன் எட்வர்ட் மட்டுமே. தந்தையும் மகனும் அன்றிரவு வேலையை முடித்தார்கள். மறுநாள் காலையில் பஸ்பி அதைப் பார்வையிட்டு, தலைவர்களின் கூட்டமைப்பைக் குறித்த ஒரே ஒரு சொல்லை மாற்றும்படி கூறினார்.

ஆங்கில வாசகத்தின் முதல் பிரிவின்படி, தலைவர்கள் தமது இறைமையின் உரிமைகளையும் அதிகாரங்களையும் முழுமையாகவும் நிரந்தரமாகவும் பிரிட்டிஷ் அரசிக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். மாவோரி வாசகத்தில் அவர்கள் விட்டுக்கொடுப்பது காவனதங்காவை. 'காவன' என்பது ஆளுநரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் மாவோரி உச்சரிப்பு. அதனுடன் தன்மையைக் குறிக்கும் விகுதியைச் சேர்த்தால் ஆளுநர்த்தன்மை என்றாகும். அதிகாரம் படைத்த காவன ஒருவரை மாவோரிகள் புதிய ஏற்பாட்டிலும் சந்தித்திருந்தார்கள்: பொந்தியு பிலாத்து. அவர் ஒரு பேரரசருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரி.

இரண்டாவது பிரிவில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. ஆங்கிலம், நிலம், காடு, மீன்பிடி நீர்நிலை ஆகியவற்றின் உடைமை மாவோரிகளுக்கு இடையூறின்றி உறுதி செய்யப்படுவதாகக் கூறுகிறது. மாவோரி வாசகமோ, நிலங்கள், ஊர்கள், 'தாவோங்கா' அனைத்தின் மீதும் முழுமையான ரங்கதிரதங்கா அவர்களுக்கே உரியது என்கிறது. தாவோங்கா என்றால் அரும்பொருள், செல்வம். ரங்கதிரதங்கா, ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் இதே வில்லியம்ஸ் சுதந்திரத்துக்குத் தேர்ந்தெடுத்த சொல். கர்த்தருடைய ஜெபத்தின் மாவோரி மொழிபெயர்ப்பில் இறைவனின் இராஜ்யத்தைக் குறிக்கவும் அதுவே வருகிறது.

இதை ஒரு மாவோரித் தலைவரின் நிலையில் இருந்து பார்க்க வேண்டும். வரப்போகும் ஆளுநர் ஒருவருக்கு ஆளுநர் வேலையைக் கொடுக்கிறோம். சுதந்திரமும் இராஜ்யமும் நம்மிடமே இருக்கும் என்று உறுதி தரப்படுகிறது. 1835ஆம் ஆண்டுப் பிரகடனத்தை நினைவில் வைத்திருந்த எவரும் வேறு எப்படிப் படித்திருக்க முடியும்?

5ஆம் தேதி வைத்தாங்கியில் நாள் முழுவதும் விவாதம் நடந்தது. வில்லியம்ஸ் மாவோரி வாசகத்தைப் படித்தார். தலைவர்களின் பேச்சை ஹொப்சனுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். தே கேமரா என்ற தலைவர், வில்லியம்ஸையே நேருக்கு நேர் சுட்டிக்காட்டி, வாங்கிய நிலத்தைத் திருப்பித் தரும்படி கேட்டார். நிலத்தில் பங்குள்ள ஒருவரே மொழிபெயர்ப்பாளராகவும் நின்ற சங்கடம் அன்றே எல்லோர் கண்ணிலும் பட்டது. எனினும் தாமத்தி வாக்கா நேனே போன்ற தலைவர்களின் பேச்சுக்குப் பின்னர் காற்று திசை மாறியது.

6ஆம் தேதி, ஹோனே ஹெக்கே முதலாவதாகக் கையெழுத்திட அழைக்கப்பட்டபோது, அச்சாளர் கொலென்சோ குறுக்கிட்டார். ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருப்பது இந்தத் தலைவர்களுக்கு உண்மையிலேயே விளங்குகிறதா என்று ஹொப்சனிடம் அவர் கேட்டார். தம்மால் இயன்றதைச் செய்தாகிவிட்டது என்ற தொனியில் ஹொப்சன் அதைக் கடந்து சென்றார். கையெழுத்திடல் தொடர்ந்தது. சில மாதங்களில் நாடெங்கும் 500க்கும் மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டார்கள். அவர்களில் 39 பேர் மட்டுமே ஆங்கிலத் தாளில் கையெழுத்திட்டவர்கள். மற்ற அனைவரும் ஏற்றுக்கொண்டது வில்லியம்ஸின் சொற்களை.

பல பொருள் தரும் ஒரு சொல்

வில்லியம்ஸ் ஏமாற்றினாரா? நியூசிலாந்து வரலாற்றாசிரியர்கள் இந்தக் கேள்விக்கு ஒரே குரலில் பதில் சொல்வதில்லை.

1972இல் ரூத் ரொஸ் என்ற ஆய்வாளர், ஆக்லாந்தில் இருந்து வெளிவரும் வரலாற்று இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில், மாவோரி வாசகமே உண்மையான ஒப்பந்தம் என்றும், அவசரத்தில் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பில் குழப்பங்கள் மலிந்துள்ளன என்றும் வாதிட்டார். மானா என்ற சொல்லைப் போட்டிருந்தால் எந்தத் தலைவரும் கையெழுத்திட்டிருக்க மாட்டார் என்பதும், அதை அறிந்தே வில்லியம்ஸ் தவிர்த்தார் என்பதும் அவருக்குப் பின் வந்த பலரின் கருத்து. இதற்கு எதிர்த்திசையில், நெட் ஃபிளெட்சர் என்ற சட்டத்துறையாளர் 2022இல் வெளியிட்ட நூலில், 1840இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் இறைமை என்று கருதியதே மாவோரிகளின் தன்னாட்சியை விட்டுவைக்கும் ஓர் ஏற்பாட்டைத்தான் என்றும், ஆகவே இரு வாசகங்களும் முரண்படவில்லை என்றும் எழுதினார்.

வில்லியம்ஸ் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில், மாவோரியில் இணைச்சொல் இல்லாத ஆங்கிலத் தொடர்களைத் தவிர்த்து, ஒப்பந்தத்தின் கருத்து சிதையாமல் பார்த்துக்கொண்டதாகக் கூறியிருக்கிறார். இணைச்சொல் இல்லை என்பதை 1835ஆம் ஆண்டுத் தாள் பொய்யாக்குகிறது. ஆனால் அவர் கூறியதில் ஓர் உண்மையும் இருக்கிறது. இறைமை என்ற ஆங்கிலச் சொல் ஒரே பொருள் கொண்டதல்ல. அரசர் என்ற ஆளையும், உச்ச அதிகாரத்தையும், சட்டமியற்றும் உரிமையையும், பிறருக்குக் கட்டுப்படாத சுதந்திரத்தையும் அது ஒரே வேளையில் குறிக்கும். ஒன்றைப் பெயர்த்தால் மற்றவை நழுவும். ஹொப்சனின் அவசரத் தேவை, சட்டத்துக்குக் கட்டுப்படாத பிரிட்டிஷ் குடியேறிகளை அடக்க ஒரு நிர்வாகம். அந்தப் பொருளுக்கு காவனதங்கா பொருத்தமான சொல்லே. தவறு என்னவென்றால், ஆங்கிலத் தாள் கேட்டது அதைவிட மிக அதிகமாக இருந்தது. அந்த மிச்சத்தைத் தலைவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

சிட்னியில் இருந்த பிஷப் புரொட்டன், ஒப்பந்தம் நிறைவேற உதவும்படி வில்லியம்ஸுக்கு எழுதியிருந்தார். நிலங்களை வாரி வாங்கிக்கொண்டிருந்த நியூசிலாந்து கம்பெனியிடமிருந்து மாவோரிகளைக் காக்க வேறு வழியில்லை என்று வில்லியம்ஸும் நம்பினார். நல்ல நோக்கமும் சொந்த நிலமும் ஒரே பக்கத்தில் நிற்கும்போது ஒருவர் தமது சொற்தேர்வைத் தாமே சந்தேகிப்பது அரிது என்றே இக்கட்டுரையாளருக்குத் தோன்றுகிறது.

இது மாவோரி மொழிக்கு மட்டும் நேர்ந்த சிக்கலன்று. 1860களில் ஜப்பானில் மேற்கத்திய அரசியல் நூல்களைப் பெயர்த்த ஃபுக்குசாவா யுகிச்சி போன்றோர், சுதந்திரத்துக்கு எடுத்துக்கொண்ட 'ஜியூ' என்ற சொல்லில் தன்னிச்சையாக நடப்பது என்ற பழம்பொருள் ஒட்டிக்கொண்டிருந்ததால் திணறினார்கள். 1889இல் எத்தியோப்பியாவும் இத்தாலியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் 17ஆவது பிரிவு, அம்ஹாரிக் மொழியில் ஒன்றையும் இத்தாலிய மொழியில் வேறொன்றையும் கூறியது. அந்தத் தகராறு 1896ஆம் ஆண்டு அட்வா போரில் முடிந்தது. நமது மொழியிலும் இறை என்ற சொல் கடவுளையும் அரசனையும் வரியையும் குறிப்பது. இலங்கையின் அரசியலமைப்புப் பேரவையின் வழிநடத்தல் குழு 2017 செப்டம்பரில் வெளியிட்ட இடைக்கால அறிக்கையில், ஆங்கிலத்திலுள்ள 'யூனிட்டரி' என்ற சொல் பொருந்தாது என்று கூறி, சிங்களத்தில் 'ஏக்கிய ராஜ்ய' என்றும் தமிழில் 'ஒருமித்த நாடு' என்றும் இருக்கட்டும் என்று முன்மொழியப்பட்டபோது, ஒரே நாட்டுக்கு இரு பொருளா என்ற வாதம் எவ்வளவு சூடாக நடந்தது என்பதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

கொடிக்கம்பமும் குற்றச்சாட்டும்

ஒப்பந்தம் கையெழுத்தான சில நாட்களிலேயே, புதிய தலைநகருக்கு இடம் பார்க்கவும் கையெழுத்துப் பெறவும் வைத்தமாத்தாவுக்குச் சென்ற ஹொப்சனுடன் வில்லியம்ஸும் சென்றார். மார்ச் மாதத் தொடக்கத்தில் தாமக்கி பகுதித் தலைவர்கள் சிலர் கையெழுத்திட்டார்கள். மார்ச் 20ஆம் தேதி, மனுக்காவ் துறைமுகத்தில், ஙாத்தி ஃபாத்துவா தலைவர் ஆப்பிஹாய் தே காவாவ் மாவோரித் தாளில் ஒப்பமிட்டார். அவர் ஹொப்சனைத் தமது மண்ணுக்கு வரவேற்று அளித்த ஏறக்குறைய 3,000 ஏக்கர் நிலத்தில்தான் ஆக்லாந்து எழுந்தது. அதற்கு விலையாகக் கிடைத்தது 50 பவுண் ரொக்கமும், போர்வைகள், ஆடைகள் போன்ற பொருட்களும். ஒரு சில மாதங்களுக்குள் அதில் 44 ஏக்கரை மட்டும் குடியேறிகளுக்கு ஏலம் விட்டு அரசு 24,275 பவுண் பெற்றது.

தமது கையெழுத்துக்குப் பொருள் வேறு என்பதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர், வில்லியம்ஸின் மிஷனில் வளர்ந்து அவரிடமே ஞானஸ்நானம் பெற்ற ஹோனே ஹெக்கே. தலைநகர் ஆக்லாந்துக்குச் சென்றதால் வடக்கில் வருமானம் குன்றியது. சுங்கவரி அரசுக்குப் போனது. 1844 ஜூலையில் கொரொராரெக்காவிலிருந்த பிரிட்டிஷ் கொடிக்கம்பத்தை அவர் வெட்டிச் சாய்த்தார். நான்காவது முறையாக 1845 மார்ச் 11ஆம் தேதி அது சாய்ந்தபோது போர் மூண்டு, ஊர் எரிந்தது.

அப்போது 53 வயதான வில்லியம்ஸ், குண்டுகளுக்கு இடையே கரைக்கும் கப்பலுக்குமாகச் சென்று காயமடைந்தவர்களுக்கு உதவினார். ஒப்பந்தம் உங்கள் நிலத்தைக் காக்கும் சாசனம் என்று கூறி, பல தலைவர்களை ஹெக்கேயுடன் சேராமல் தடுத்ததும் அவரே. எனினும் ஊரை இழந்த ஐரோப்பியர், அவரே மாவோரிகளைத் தூண்டிவிட்ட துரோகி என்று தூற்றினார்கள்.

அதைவிடப் பெரிய அடி ஆக்லாந்தில் இருந்து வந்தது. 1845 இறுதியில் ஆளுநராகப் பதவியேற்ற ஜோர்ஜ் கிரே, 1846 ஜூனில் லண்டனுக்கு அனுப்பிய இரகசியக் கடிதத்தில், மிஷனரிகளின் நிலக்கோரிக்கைகளை நிலைநாட்டப் பிரிட்டன் இரத்தமும் பணமும் சிந்த வேண்டியிருக்கும் என்று குற்றஞ்சாட்டினார். பதினொரு பிள்ளைகளைப் பெற்ற வில்லியம்ஸ், அவர்களின் எதிர்காலத்துக்காகப் பாக்கராக்கா பகுதியில் ஏறக்குறைய 11,000 ஏக்கர் வாங்கியிருந்தது உண்மை. அவர் குற்றச்சாட்டை மெய்ப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பப் பெற வேண்டும் என்றார். கிரே இரண்டையும் செய்யவில்லை. மேலதிக நிலத்தை விட்டுவிடும்படி சங்கம் கேட்டபோது, நிபந்தனையின்றி இணங்குவது பழியை ஒப்புக்கொள்வதாகும் என்று வில்லியம்ஸ் பிடிவாதமாக நின்றார். 1849இல் சங்கம் அவரைப் பணிநீக்கம் செய்தது.

27 ஆண்டுகள் வாழ்ந்த பைஹியாவை விட்டு 1850இல் அவர் பாக்கராக்காவுக்குச் சென்றார். மாவோரிகள் அவரிடம் வருவது நிற்கவில்லை. அங்கும் அவர் ஆராதனை நடத்திவந்தார். 1854இல் சங்கம் அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டது.

அவர் 1835இல் பயன்படுத்தி 1840இல் விட்டுவிட்ட கிங்கிதங்கா என்ற சொல், அவருடைய வாழ்நாளிலேயே திரும்பி வந்தது. 1858இல் வைக்காத்தோ குலத்தவரும் பிறரும் தமக்கென ஒரு மாவோரி ராஜாவைத் தேர்ந்தெடுத்து, அந்த இயக்கத்துக்கு அதே பெயரைச் சூட்டினார்கள். முதல் ராஜாவான தே ஃபெரோஃபெரோ, 1835ஆம் ஆண்டுப் பிரகடனத்தில் பின்னர் ஒப்பமிட்டவர். வைத்தாங்கி ஒப்பந்தத்தில் ஒப்பமிடாதவர். இறைமை இரண்டாக இருக்க முடியாது என்று கருதிய அரசு, 1863 ஜூலையில் ஆக்லாந்தில் இருந்து தெற்கே படை நடத்தியது. போரின் பின்னர் பத்து லட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலம் பறிமுதல் செய்யப்பட்டது.

வில்லியம்ஸ் 1867 ஜூலை 16ஆம் தேதி பாக்கராக்காவில் காலமானார். அவ்வேளை அப்பகுதியில் மோதிக்கொண்டிருந்த இரு தரப்பினரும், செய்தி கேட்டு ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள் என்று கூறப்படுகிறது. 1876இல் பைஹியாவில் அவருக்குக் கற்சிலுவை நினைவுச்சின்னம் எழுப்பியது மாவோரித் திருச்சபையே.

நீதிமன்றத்தில் இரண்டு வாசகங்கள்

அடுத்த ஆண்டே, அதாவது 1877இல், நியூசிலாந்தின் தலைமை நீதிபதி ஒருவர் இந்த ஒப்பந்தம் சட்டப்படி வெறும் பூஜ்யம் என்று தீர்ப்பளித்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அது அப்படியே நடத்தப்பட்டது.

1975இல் வைத்தாங்கி நடுவர் மன்றம் அமைக்கப்பட்டபோதுதான் இரு மொழி வாசகங்களும் சட்டத்துக்குள் இடம்பெற்றன. 1985 முதல், 1840 வரையிலான பழைய முறைப்பாடுகளையும் விசாரிக்கும் அதிகாரம் அதற்குக் கிடைத்தது. வில்லியம்ஸ் தேர்ந்த சொற்கள் அதன் பின்னர் எதிர்பாராத வகையில் வேலை செய்யத் தொடங்கின. 1986இல், மாவோரி மொழியும் ஒரு தாவோங்காவே என்றும், அதைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்றும் மன்றம் கூறியது. மறு ஆண்டே மாவோரி ஆட்சிமொழியானது. ஆங்கில வாசகத்தில் இருப்பது வெறும் சொத்து. அதை வைத்துக்கொண்டு ஒரு மொழியைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்பது ஐயமே.

1987இல் அரசு நிறுவனங்களுக்கு நிலம் மாற்றப்படுவதை எதிர்த்த வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் மாவோரி வாசகத்தின் ஒரு புதிய ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையிலெடுத்தது. அதைச் செய்தவர் ஆக்லாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியரும், பாஸ்டியன் முனையின் ஙாத்தி ஃபாத்துவா குலத்தவருமான ஹியூ காஃபரு. காவனதங்காவை அவர் அரசாங்கம் என்றும், ரங்கதிரதங்காவைத் தலைமையதிகாரத்தை முழுமையாகச் செலுத்துதல் என்றும் ஆங்கிலத்துக்குத் திருப்பினார். வில்லியம்ஸ் ஓரிரவில் கொண்டுபோனதை, 147 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாவோரி அறிஞர் எதிர்வழியில் கொண்டுவந்தார் என்று சொல்லலாம். அதே ஆண்டில் பாஸ்டியன் முனை குறித்த நடுவர் மன்ற அறிக்கையும் வெளிவந்தது. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நிலம் குலத்தவரிடம் திரும்பியது.

2014இல் நடுவர் மன்றம், 1840 பிப்ரவரியில் கையெழுத்திட்ட தலைவர்கள் தமது இறைமையை விட்டுக்கொடுக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது. நாட்டின் இறைமை முடியரசிடமே உள்ளது என்று அரசாங்கம் உடனே பதிலளித்தது. 2024 நவம்பரில், ஒப்பந்தக் கோட்பாடுகளைச் சட்டமாக வரையறுக்க ஒரு மசோதா வந்தபோது, அது ரங்கதிரதங்காவை நீர்த்துப்போகச் செய்யும் என்று கூறிப் பல்லாயிரக்கணக்கானோர் நாடாளுமன்றத்தை நோக்கி அணிவகுத்தார்கள். 2025 ஏப்ரல் 10ஆம் தேதி அந்த மசோதா 112க்கு 11 என்ற வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது.

1835ஆம் ஆண்டுப் பிரகடனமும் 1840ஆம் ஆண்டு ஒப்பந்தத் தாள்களும், 2017ஆம் ஆண்டிலிருந்து, வெலிங்டனில் உள்ள தேசிய நூலகத்தில் ஒளி குறைக்கப்பட்ட ஒரே அறையில் வைக்கப்பட்டுள்ளன. கிங்கிதங்கா, மானா என்ற சொற்கள் முதல் தாளில் இருக்கின்றன. அதே அறையிலுள்ள அடுத்த ஆவணத்தின் முதல் பிரிவில் அவை இல்லை. கொலென்சோ கண்டெடுத்த தமிழ் மணி, அங்கிருந்து சிறிது தொலைவில், அதே நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது.